பரபரப்பின் ருசி

நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்புகளுக்குள் வெள்ளையன், மினுக்கி என்று ஒரு ராமபாணப் பூச்சித் தம்பதி குடியிருந்தது. காகிதம்தான் சாப்பாடு. மினுக்கிக்கு வாய்த்த ஆளோ, சாப்பிட உட்கார்ந்தாலே பழைய கதை பேசுகிறவன். அதுவும் ‘பரபரப்பு’ என்ற சொல் வாயில் பட்டுவிட்டால் போதும்.

“இதெல்லாம் ஒரு பரபரப்பா? பக்கத்துக்குப் பத்து இடத்துல போட்டிருக்கான். சப்புன்னு இருக்கு. அடித்தட்டுல ஒரு தொகுப்பு இருக்கு பாரு, கடைத்தெருவுல கோயில் யானை வாழைத்தாரைப் பறிச்சதுக்கு ஒரு பரபரப்பு. ஊருக்கு முதல் பஸ் வந்ததுக்கு ஒண்ணு. ஒருநாள் மில்லுல சங்கு ஊதலைன்னு அதுக்கும் ஒண்ணு. வருஷத்துக்கே நாலஞ்சுதான் வரும். ஒவ்வொண்ணும் ஒரு ருசி.”

கேட்டுக் கேட்டு மினுக்கிக்கு எச்சில் ஊறியது. வயிற்றில் முட்டை வேறு. “பிள்ளைங்களாவது நல்லதைத் தின்னு வளரட்டும். அங்கேயே குடி போயிடலாம்,” என்றாள். அவன் ஏதேதோ சாக்குச் சொன்னான். அவள் விடவில்லை.

மூன்று நாள் இறங்கி அந்தத் தொகுப்புக்குள் நுழைந்தார்கள். யானைச் செய்தி அப்படியே இருந்தது. பரபரப்பு இருந்த இடத்தில் மட்டும் ஓட்டை. பஸ் செய்தியிலும் ஓட்டை. சங்குச் செய்தியிலும் ஓட்டை. எல்லாம் வெள்ளையனின் பல் தடம்.

“ஒண்ணுகூடவா மிச்சம் வைக்கல?” என்றாள் மினுக்கி.

வெள்ளையன் மீசையைத் தடவிக்கொண்டான். “அவ்வளவு நல்லா இருந்துச்சு,” என்றான்.