கீழ்த்தளத்து ஜன்னல்

"ரேடான் மண்ணுலேருந்து வர்ற வாயு சார். வாசனையே இருக்காது. வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல் புற்றுநோய் வரலாம். கருவி அளந்து முடிக்கிற வரைக்கும் ஜன்னலைத் திறக்காதீங்க," என்றாள் சோதனைக்காரப் பெண்.

அவள் தலை மறைந்ததும் வீட்டுத் தரகர் கீழ்த்தளத்து ஜன்னலை விரியத் திறந்தார். காற்றோடினால் அளவு குறையும், வீடு சுலபமாக விலைபோகும். பிறகு காலி வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் ஜன்னல் மூடி, உள்ளே கொக்கியும் போட்டிருந்தது. மறுபடி திறந்தார். அடுத்த நாளும் அதே கதை.

கருவி அதிக அளவைக் காட்டியது. "மறைக்கப் பாத்தீங்களா?" என்றார் வீடு வாங்க வந்த டீச்சரம்மா, தரகரின் அசட்டு முழியைப் பார்த்து.

"மறைக்க விட்டாத்தானே டீச்சர்!" என்ற தரகர், ஜன்னல் தானாக மூடிக்கொண்ட கதையைச் சொன்னார்.

வாயுவை வெளியே இழுக்கத் தரைக்கடியில் குழாய் இறக்கி மின்விசிறி பொருத்தினார்கள். அளவு இறங்கியது. டீச்சரம்மா வீட்டை வாங்கினார்.

சாவி கொடுக்கும் நாளில் இருவரும் கீழே போனார்கள். ஜன்னல் திறந்திருந்தது. மூலையில் கிடந்த நாற்காலி அதனருகே இருந்தது. தரகர் தொட்டுப் பார்த்தார். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது.

"இருந்துட்டுப் போகட்டும்," என்று சிரித்தார் டீச்சரம்மா. "உங்களைவிட நேர்மையான ஆளாத் தெரியுது."

அவர்கள் படியேறும்போது, கீழே நாற்காலி வெளிச்சத்தை நோக்கி இன்னும் கொஞ்சம் நகரும் சத்தம் கேட்டது.