செம்மொழியின் செல்கள்

"சார், செம்மொழி வச்சிருக்கிறது மார்பகப் புற்றுநோய் செல்லே இல்ல. டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு."

மாலதி தன் ஃபோனைப் பேராசிரியர் குஞ்சிதபாதத்தின் முன் நீட்டினாள். குரலில் கொஞ்சம் வருத்தம் காட்டத்தான் பார்த்தாள். வரவில்லை.

தஞ்சாவூரில் உள்ள அந்த ஆய்வுக்கூடத்துக்கு நீடாமங்கலத்திலிருந்து பல வருடமாக ரயிலில் வந்து போகிறவள் மாலதி. செம்மொழி போன வருடம் சேர்ந்தவள். இருவருக்கும் ஒரே வேலைதான். மார்பகப் புற்றுநோய் செல்லின் புரதங்களில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டவிடாமல் தடுத்தால், அந்த செல் தன்னைத்தானே தின்று வளர்ச்சி குன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். மாலதி தட்டுத் தடுமாறி முடித்து, அடுத்த வாரம் தீசிஸ் கொடுக்கப் போகிறாள். செம்மொழியோ அதற்குள் கட்டுரை எழுதி, டெல்லி மாநாட்டுக்கும் தேர்வாகிவிட்டாள். முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு பலம் என்பார்களே, அந்தக் கொம்பு மாலதியின் வயிற்றிலேயே குத்தியது.

போதாக்குறைக்கு, சார் செம்மொழிக்கென்று புது செல் வேறு ஆர்டர் போட்டிருந்தார். மாலதிக்கு வாய்த்தது சீனியர்கள் விட்டுப்போன பழசு. அந்த எரிச்சலில்தான், செம்மொழி சாப்பிடப் போன நேரம் பார்த்து அவள் செல் வளர்க்கும் ஃபிளாஸ்க்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஏதாவது குறை கிடைக்காதா என்று, என்ன செல் எனக் கண்டறியும் சோதனைக்கு அனுப்பினாள்.

பேராசிரியர் ரிசல்ட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார். வேறொரு புற்றுநோய் செல் எப்போதோ கலந்து, களை மாதிரி வளர்ந்து, இருந்ததை எல்லாம் அழித்துவிட்டிருந்தது. செம்மொழியை அழைத்து விவரம் சொன்னார். மாநாடு வேண்டாம், கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்றார்.

"இந்த செல்லை வச்சு யார் என்ன செஞ்சிருந்தாலும் இனி ஏத்துக்க முடியாதும்மா."

செம்மொழி அழுதேவிட்டாள். மாலதிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்தத் தாராளத்தில் செம்மொழியின் தோளைத் தொட்டு ஆறுதலும் சொன்னாள்.

"விடு. புது செல்லுன்னு நம்பித்தானே வாங்கினே? அனுப்பினவன் தப்புக்கு நீ என்ன செய்வே?"

செம்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"அந்தப் புது செல்லு வரும்போதே செத்துப்போச்சுக்கா. நீங்க அன்னிக்கு லீவு. உங்க ஃபிளாஸ்க்குலேருந்துதான் சார் எனக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க."