மாமனாரின் ஷேவிங் பிரஷ்

மாமனார் படுக்கையில் கிடந்த கடைசி வாரத்தில், "இந்தத் தாடியை வழிச்சு விடுங்க மாப்ளே, அரிக்குது" என்று தினமும் கேட்டார். கடிகாரம் பழுதுபார்க்கும் மருமகனும் தினமும் "நாளைக்கு மாமா" என்றார். கடைசியில் தாடியோடுதான் அவரை எடுத்துப்போனார்கள்.

அந்த உறுத்தல் தாங்காமல்தான், பெட்டியில் கிடந்த அவருடைய பழைய பிரஷைச் சரிசெய்யக் கடிகாரக்காரர் கையில் எடுத்தார். கொட்டியது போக மிச்சமிருந்த முடியைப் பிடுங்கி, குழியில் இறுகியிருந்த பசையைச் சுரண்டி, புது முடிக்கற்றையை ஒட்டினார். கொம்புக் கைப்பிடியைப் பளபளவென்று தேய்த்து, காய்வதற்காக ஜன்னலில் நிறுத்திவைத்தார்.

காலையில் பிரஷ் ஈரமாக இருந்தது. முடியெல்லாம் சோப்பு நுரை.

"அதுக்குள்ள ஏன் நனைச்சே? பசை விட்டுரும்" என்று மனைவியைக் கடிந்துகொண்டார்.

"அப்பா சாமானை நான் எதுக்குத் தொடப்போறேன்? நீங்கதான்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

கழுவித் துடைத்து, மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மறுநாளும் நுரை. உள்ளேயிருந்த காகிதங்கள்கூட ஊறிப்போயிருந்தன. மனைவிக்குத் தெரியாமல் பிரஷைத் துணியில் சுற்றிக்கொண்டுபோய், பாலத்தின் மேல் நின்று ஆற்றில் எறிந்துவிட்டு வந்தார். அன்றுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில், முகத்தில் ஏதோ வெதுவெதுப்பாகப் பட்டு விழிப்புத் தட்டியது. தொட்டுப் பார்த்தார். ஒரு காதிலிருந்து மறு காதுவரை, கீழே தொண்டைக்குழிவரை, கெட்டியாக நுரை பூசியிருந்தது. பக்கத்தில் மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குளியலறையில் யாரோ சவரக்கத்தியை நிதானமாகத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.