டேக் இன்

அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகட்டும். மாலை வெயில் தையல் கடைக்குள் சாய்ந்து வந்து, இஸ்திரிப்பெட்டியின் மேல் கண்ணயர்ந்து கிடக்கிறது. கடையை மூடிவிட்டு வெளிநாட்டு மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லும் தையல்காரர், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த மருமகளுக்காக ஆங்கிலம் படிக்கிறார். கல்யாணக் கோட்டு ஒன்றை இவர் இடுப்பில் பிடித்துத் தைத்ததில், போட்டுக்கொண்ட மாப்பிள்ளையே இரண்டு அங்குலம் இளைத்துப்போனார். அப்பேர்ப்பட்ட கை இன்று சாக்பீஸோடு துணிமேல் சும்மா கிடக்கிறது. எதிரே பொத்தான் தைக்கும் மனைவி, மடியில் விரித்த புத்தகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். “டேக் இன். இதுக்கு நாலு அர்த்தம் போட்டிருக்கு, சொல்லுங்க.”

“இடுப்புல பிடிச்சுத் தைக்கிறது. இது எனக்கே பாடமா?”

“அப்புறம்?”

“சொன்னது மண்டைல ஏறுறது.”

“அது உங்களுக்கு எங்க ஏறுது! அடுத்தது?”

“ஏமாத்துறது.”

“இன்னொன்னு இருக்குங்க.”

அவர் கறுப்புத் துணியில் ஒரு கோடு இழுக்கிறார், தட்டி அழிக்கிறார், அதே இடத்தில் மறுபடி இழுக்கிறார். “மறந்துபோச்சு.”

“வீட்டுல சேத்துக்கிறது” என்று அவளே மெதுவாகச் சொல்லி, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். “நாளைக்கும் கேப்பேன்.”

“கேளு.”

‘வர வேண்டாம்’ என்று மகன் எழுதிய கடிதத்தை அவர் பொத்தான் டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்தும், அவள் அதை எடுத்துப் படித்து இருந்த இடத்திலேயே வைத்தும் நான்கு நாளாகிறது.