அடுத்த பத்து ஆண்டுகள்

நூற்பாலைச் சங்க மாநாட்டுக்கு 'அடுத்த பத்து ஆண்டுகள்' என்று தலைப்பு வைத்தாகிவிட்டது. சிறப்புரைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. பொருளாதாரப் பேராசிரியர் நழுவிவிட்டார்: "இப்ப எதைச் சொன்னாலும் அடுத்த மாசமே பொய்யாப் போயிருதுங்க." சொந்தமாக ஆலை நடத்தும் சங்கச் செயலாளர் தேன்மொழி, போன வருடம் தன் ஆலையை மூடிவிட்ட நாச்சிமுத்துவைக் கூப்பிட்டாள்.

"மூடுனவன் என்னங்கம்மா பேசறது?"

"அதையேதானுங்க பேசோணும்."

மேடையேறியவர் மைக்கைப் பிடித்தார். "மூடறதுன்னு முடிவு பண்ணிட்டு, வீட்டுல சொல்ல முடியாம இருக்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார். மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. மேடையோர நாற்காலியில் இருந்த தேன்மொழி கையை உயர்த்தினாள். முன்வரிசையில் அவள் கணவர், பின்னால் யாராவது தூக்குகிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.