மூன்றாவது தரை

இப்போதெல்லாம் ஆளாளுக்குச் செல்போனில் படத்தைப் பார்த்தே வீட்டை முடித்துவிடுகிறார்கள். என் மருமகன் திருவரசும் அப்படித்தான். ஜாவாவில் ஒரு கடற்கரை நகரத்தில் அவருக்கு வேலை. என் மகளுக்கென்று வைத்திருந்த வயலை விற்றுக் கொடுத்தால், அங்கே ஒரு வீட்டை இருபத்தைந்து வருஷக் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றார். நேரில் பார்க்காமல் ஆகாது என்று நானே விமானம் ஏறிவிட்டேன்.

வீட்டுக்காரர் வர்சித்தோ வாசலில் நன்றாகக் குனிந்து உள்ளே போனார். குனியாமல் போன எனக்கு நிலை நெற்றியில் இடித்தது. உள்ளே புது டைல்ஸ் பளபளத்தது. விளக்கைப் போடச் சுவரைத் தடவினேன். சுவிட்சு முழங்காலுக்குக் கீழே இருந்தது.

"இத ஏன் மாப்பிள்ளே இவ்வளவு கீழ வெச்சிருக்காங்க?"

அவர் வர்சித்தோவிடம் கேட்டுவிட்டுச் சொன்னார். "சுவிட்சு இருந்த எடத்துலதான் இருக்காம் மாமா. கடல்தண்ணி உள்ள வரவர, மண்ணு கொட்டித் தரையத்தான் ஏத்துவாங்களாம். இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் வழக்கந்தானாம். இது மூணாவது தரை."

"அப்ப குத்தகை முடியறதுக்குள்ள எம்பொண்ணு தவழ்ந்துதான் உள்ள போவணும்?"

"கடலுக்குச் சுவரு கட்டிட்டாங்க மாமா. இனிமே ஏத்தவே வேண்டாம்னு சத்தியம் பண்றாரு."

வர்சித்தோ நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெளியே வந்தபோது மதிலோரம் ஒரு லாரி மண் புதிதாகக் கொட்டிக் கிடந்தது.

"பூச்செடி வைக்கவாம் மாமா."

சுற்றிப் பார்த்தேன். ஒரு தொட்டியைக்கூடக் காணோம். நெற்றியைத் தடவிக்கொண்டே தெருமுனைக்கு நடந்தேன்.