நூற்று நாற்பது ரூபாய்

“அண்ணாச்சி, பாமாயில் இன்னிக்கு என்ன விலை?”

தோளில் ஐந்து மாதக் குழந்தையோடு வந்து நின்ற ஹில்டாவைப் பார்த்ததும் பலசரக்குக் கடை சிவனணைந்தபெருமாளுக்குச் சங்கடமாகிவிட்டது. பத்து நாளாகத் தினமும் வருகிறாள். விலையைக் கேட்கிறாள், முகம் வாடுகிறாள், உப்போ தீப்பெட்டியோ வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள்.

“பாக்கெட் நூத்தி முப்பத்திரெண்டு. எண்ணெயைக் கண்ணால பாக்காதவன்லாம் போன்லயே வாங்கி, போன்லயே விக்கான். அங்கன அவன் விரலைத் தட்டினா, இங்கன நம்ம வீட்டுல அப்பளம் பொரிய மாட்டேங்கு. தூத்துக்குடிக்கு எண்ணெய் ஏத்திட்டு வந்த கப்பலைக்கூட, விலை ஏறட்டும்னு ஹார்பருக்கு வெளியவே நிறுத்தி வச்சிருக்கானுவ, பாவிப்பயலுவ!”

“எவ்வளவு ஏறினா உள்ள விடுவாவளாம்?”

“நூத்தி நாப்பதைத் தாண்டணுமாம். அது கிடக்கட்டும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்ப?”

ஹில்டா குழந்தையின் தலையைத் தடவினாள். “எண்ணெய் விலையிலதான் இருக்கு, அண்ணாச்சி.”

அந்தப் பதில் அவரைப் பாடாய்ப் படுத்தியது. வீட்டுக்காரர் ஊரில் இல்லாத வீடு. விருந்து வைக்க வேண்டாமா? கோழி பொரிக்க வேண்டாமா? ஒரு பச்சைப்பிள்ளை பேரில்லாமல் கிடக்கிறதே, அதுவும் போயும் போயும் பாமாயிலால்!

அதிலிருந்து நான்காம் நாள் காலை மொத்தக் கடையிலிருந்து புது விலை வந்தது. நூற்று நாற்பத்தொன்று. பலகையில் எழுதப் போனவர், தெருமுனையில் ஹில்டாவைப் பார்த்ததும் சாக்கட்டியைக் கீழே வைத்தார். போனால் போகட்டும், நம் கைக்காசுதானே.

“ஏளா ஹில்டா, நல்ல சேதி! விலை சர்ருன்னு இறங்கிட்டு. நூத்தி இருவதுதான். பத்து பாக்கெட் எடுத்துட்டுப் போ. ஞானஸ்நானத்தை ஜாம்ஜாம்னு நடத்து!”

ஹில்டா கடைப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

“என்னளா, சந்தோசத்துலயா அழுத?”

“இல்ல அண்ணாச்சி. ஊரே விலை இறங்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கு. ஏறணும்னு நான் எப்படி வாய்விட்டுச் சொல்லுவேன்? பிள்ளை மொகத்தை இன்னும் நேர்ல பாக்காத இவ அப்பா, அந்தக் கப்பல்லதான் வேலை பாக்காவ.”

“அட, நான் சொன்னது பொய்ளா!” என்று பதறிய அண்ணாச்சி, பலகையில் பெரிதாக ‘141’ என்று எழுதினார். விலை ஏறியதைப் பார்த்துப் பிள்ளையை அள்ளி முத்தமிட்ட ஒருத்தியை அவர் அன்றுதான் முதன்முதலில் கண்டார்.